பாக்கெட் கெர்னலில் ஏன் விழுகிறது என்று கண்டறியும் முறை

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் வைத்த மழைமானிகள், சேலம் அஸ்தம்பட்டியில் இரண்டு இணைய லைன்களுடன் இயங்கும் லினக்ஸ் சர்வருக்கு யுடிபி என்ற அனுப்புமுறை வழியாக, பாக்கெட் எனும் சிறு தரவுப் பொதிகளாக அளவுகளை அனுப்புகின்றன என்றும், அவற்றில் ஒரு பகுதி மட்டும் பதிவாவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். பழி வழக்கம்போல மலையில் இறங்கும் மூடுபனியின் மேல் விழும். அதை நம்புவதற்கு முன், சர்வருக்கு வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாக்கெட் அதில் தென்பட்டும் அளவுகளைப் பதிவு செய்யும் நிரலைச் சேரவில்லை என்றால், அது மலையிறங்கி வந்துவிட்டது, விழுவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்தான். தென்படவே இல்லையென்றால், நெட்வொர்க் கார்டின் வரிசை நிரம்பியதா என்று ஈத்டூல் என்ற கருவி காட்டும் எண்ணிக்கைகளில் பார்க்கலாம்.

கெர்னல் தன் வேலை முடிந்த பாக்கெட்டை கன்ஸ்யூம் எஸ்கேபி என்ற செயல்கூறாலும், கைவிட்ட பாக்கெட்டை கேஃப்ரீ எஸ்கேபி என்பதாலும் விடுவிக்கிறது. பின்னதன் டிரேஸ்பாயின்ட்டை, அதாவது அது நடக்கும்போதெல்லாம் தகவல் தரும் கண்காணிப்புப் புள்ளியை, பெர்ஃப் என்ற கருவி கொண்டு, கோளாறு நிகழும் சில நொடிகளுக்கு மட்டும் பதிவு செய்தால் போதும். 2022-இல் வந்த கெர்னலின் 5.17 பதிப்பு முதல் அந்தப் பதிவில் கைவிட்ட காரணமும் சேர்ந்தே வருகிறது. பழைய கெர்னலில் விழுந்த இடத்தின் முகவரியை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். நோசாக்கெட் என்றால் பாக்கெட் தேடி வந்த போர்ட்டில் (நிரலுக்கான வாசல் எண்ணில்) கேட்கும் நிரல் இல்லை. நெட்ஃபில்டர் டிராப் என்றால் ஃபயர்வால் விதி. சாக்கெட் ஆர்சிவி பஃப் என்றால் நிரல் வாசிக்கும் வேகம் போதவில்லை.

நம் சர்வரில் ஐபி ஆர்பிஃபில்டர் என்ற காரணம் வரக்கூடும். பாக்கெட் இரண்டாவது லைனில் நுழைகிறது. ஆனால் அனுப்பியவருக்குத் திரும்பும் வழி முதல் லைனில் இருப்பதாக ரூட்டிங் அட்டவணை சொல்கிறது. இந்தத் திரும்பும் வழியைச் சரிபார்க்கும் அமைப்பான ஆர்பிஃபில்டரின் மதிப்பு 1 என்றால் இது முகவரி மோசடியாகக் கருதப்பட்டு, வழக்கமாக லாகில் ஒரு வரிகூட இல்லாமல் கைவிடப்படும். பலர் அந்த லைனின் இன்டர்ஃபேஸுக்கு (நெட்வொர்க் இணைப்புமுனைக்கு) மட்டும் 0 என்று மாற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பார்கள். எல்லா இன்டர்ஃபேஸுக்குமான பொது மதிப்பு, தனி மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதையே கெர்னல் எடுத்துக்கொள்ளும் என்பதால், பொது மதிப்பு 1 ஆக இருக்கும்வரை அந்த 0 செல்லாது. இரண்டாவது லைனின் இன்டர்ஃபேஸுக்கு 2 என்று வைப்பதே பொருத்தம். அனுப்பியவரை ஏதேனும் ஒரு லைன் வழியாக அடைய முடிந்தால் பாக்கெட் ஏற்கப்படும். மாற்றியபின், கெர்னலின் நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட்டில் ஐபி ரிவர்ஸ் பாத் ஃபில்டர் எண்ணிக்கை ஏறுவது நின்றதா என்று பார்த்துவிட்டு, கெர்னல் அமைப்புகளை வைத்திருக்கும் சிஸ்கண்ட்ரோல் கோப்பிலும் அந்த மதிப்பை எழுதிவிட வேண்டும். இல்லையேல் அடுத்த ரீபூட்டில் பழைய மதிப்பே திரும்பிவிடும்.