மலைச்சரிவுக்கு இலகு எடைத் தானியங்கித் துவக்கைத் தெரிவு செய்தல்

இலங்கையின் வெலிமடை, கந்தப்பளை, ராகலைப் பக்கங்களில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிடுவோர் காட்டுப்பன்றிக் காவலுக்குத் துவக்கு வாங்க நினைக்கும்போது, எடை குறைந்த தானியங்கி வகை (ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது) எளிதில் மனதைக் கவர்கிறது. விலையை விசாரிக்கும் முன்பே, அந்த வகைக்கு அனுமதி கிடைக்குமா என்று மாவட்டச் செயலகத்தில் கேட்டறியுங்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

எஃகு உடற்பகுதி கொண்ட துவக்கு ஏறக்குறைய 3.5 கிலோ இருக்கும். அலுமினியக் கலவையில் செய்தது 2.7 கிலோவுக்கும் இறங்கும். செங்குத்துச் சரிவில் இரவு முழுவதும் ஏறி இறங்குபவருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட்டால், இலகுவானதன் பின்னுதைப்பு (சுடும்போது துவக்கு தோளை இடிப்பது) ஆற்றல் ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். ஓடும் விலங்கின் பின்னால் குழலைத் திருப்பும்போதும், எடை குறைந்த குழல் விரைவாகத் திரும்பி, விரைவாகவே நின்றுவிடும். ஆகவே இலகு எடைதான் வேண்டும் என்பவர் 12 துளையை விட்டு (துளை என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது), 24 முதல் 28 கிராம் ரவை (சிறு குண்டுகள்) கொண்ட 20 துளைத் தோட்டாவை நாடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தானியங்கியில் இரு முறைகள் உண்டு. வெடிவாயுவின் ஒரு பகுதியைக் கொண்டு இயங்குவது உதைப்பைச் சற்று நீட்டித் தணிக்கும். ஆனால் கரி படியும், நம் மூடுபனியில் அந்தக் கரி ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும் என்பதால், சுட்ட அன்றே கழற்றித் துடைத்து எண்ணெயிட வேண்டும். பின்னுதைப்பின் விசையாலேயே இயங்குவது சுத்தமானது. எனினும் தோளில் இறுக்கமாகப் பதியாவிட்டாலோ, தோட்டா வலுக்குறைந்ததாக இருந்தாலோ, டோர்ச் போன்ற பாரம் கட்டப்பட்டாலோ அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம். இரவுக் காவலுக்கு முதல் முறையையே நான் தெரிவு செய்வேன்.

இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால் அது வெறுமையா என்பது அருகில் நிற்பவருக்கும் தெரியும். தானியங்கியிலோ ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். கான் (வடிகால்) கடக்கும் முன், விசையைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்பாமல், தோட்டாக்கள் அனைத்தையும் இறக்கி, குழலின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். முகட்டில் நிற்கும் விலங்கைச் சுடவே வேண்டாம். பெரிய ரவை சில நூறு மீட்டர் செல்லும், மறுபுறச் சரிவில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) இருக்கலாம். வீட்டில் 12 துளைத் துவக்கும் இருந்தால் தோட்டாக்களை வேறு வேறு பெட்டிகளில் பூட்டி வையுங்கள்: 20 துளைத் தோட்டா 12 துளைக் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும்.