கையடக்க எரிவாயு அடுப்பு: குப்பியை மறப்பதால் நேரும் தவறுகள்

மார்கழி மாதத்து அதிகாலையில் உதகைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கியவர்கள் பலருக்கு இந்த அனுபவம் வாய்த்திருக்கும். புறப்படுவதற்கு முன் வீட்டு மொட்டைமாடியில் பற்றவைத்துப் பார்த்தபோது சீறிக்கொண்டு எரிந்த சிறிய அடுப்பு, மலைமேல் காப்பிக்குத் தண்ணீர் வைத்ததும் முணுக்முணுக்கென்று எரிந்து அணைந்துவிடும். குப்பியைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புவது கேட்கும். வாயு மட்டும் வராது. கடைக்காரர் பழுதான குப்பியைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டித் தீர்த்தபின், வெயில் ஏறிய நேரத்தில் மறுபடி பற்றவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் அது எரியும். குப்பியிலும் பழுதில்லை, அடுப்பிலும் பழுதில்லை. உள்ளே இருந்தது பியூட்டேன். வெளியே இருந்தது குளிர்.

இந்த அடுப்புகளை வாங்கும்போது எடை எவ்வளவு, தீ எவ்வளவு வேகமாக வரும், மடித்தால் பைக்குள் அடங்குமா என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். எரிபொருள் அடைத்த குப்பியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அடுப்பின் பாதி அந்தக் குப்பிதான். அது அதிகம் குளிர்ந்தால் சமையல் நடக்காது. அதிகம் சூடானால் உயிருக்கே ஆபத்து. இக்கட்டுரையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் நேர்பவை.

குளிரைப் பற்றிய தவறை முதலில் பார்ப்போம். குப்பிக்குள் எரிபொருள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகி மேலே வந்தால்தான் பர்னருக்கு வாயு கிடைக்கும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ்; ஐசோபியூட்டேனுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. வெளியே ஐந்தாறு டிகிரி இருந்தால் பியூட்டேனுக்குப் போதுமே என்று தோன்றும். ஆனால் திரவம் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், எரிய எரியக் குப்பி தானாகவே குளிர்ந்துகொண்டு போகும். குப்பியின் வெளிப்புறம் வியர்த்து, சில வேளைகளில் பனி படிவதையும் பார்க்கலாம். ஆகவே பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் ஒரு காலைப்பொழுதில்கூடச் சுத்த பியூட்டேன் குப்பி பத்து நிமிடத்தில் சோர்ந்துபோகும்.

இதற்காக எல்லோரும் விலை கூடிய கலவைக் குப்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ தங்குபவருக்குச் சாதாரண பியூட்டேன் தாராளமாகப் போதும். டிசம்பர், ஜனவரியில் உதகை, கொடைக்கானல், நுவரெலியா போன்ற இடங்களுக்கும், எந்தப் பருவத்திலும் இமயமலைப் பாதைகளுக்கும் புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த குப்பி வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: கலவையில் புரொப்பேன் முதலில் ஆவியாகித் தீர்ந்துவிடுவதால், கடைசிக் கால்பங்கு எஞ்சிய குப்பி புதுக் குப்பியைப் போலக் குளிரைத் தாங்காது. இரவில் குப்பியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதும், காலையில் அகலமான தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அதில் அதை நிறுத்துவதும் நல்ல வழக்கங்கள். கொதிநீரில் வைப்பதும், இன்னொரு தீயைக் காட்டிச் சூடேற்றுவதும் குப்பியை வெடிகுண்டாக்கும் வேலை.

அடுத்த தவறு, அடுப்பை முதலில் வாங்கிவிட்டுக் குப்பியைப் பிறகு தேடுவது. சந்தையில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, கொசு மருந்து டப்பாவைப் போல நீண்டு ஒடுங்கிய, பெரும்பாலும் 220 கிராம் அளவுள்ள குப்பி. இதைப் பெட்டி அடுப்பின் பக்கவாட்டு அறையில் படுக்கவைத்துப் பொருத்துவார்கள். மற்றொன்று, குள்ளமாகவும் உருண்டையாகவும் தலையில் மரை உள்ள குப்பி. மலையேறிகள் பயன்படுத்தும் சிறு பர்னரை இதன்மேல் நேராகத் திருகிவிடலாம். இது 100, 230, 450 கிராம் அளவுகளை ஒட்டி வருகிறது. ஒன்றின் குப்பி மற்றொன்றில் சேராது. இடைஇணைப்பிகள் உண்டுதான், ஆனால் இணைப்பு ஒன்று கூடினால் கசிவதற்கான இடமும் ஒன்று கூடுகிறது. பெட்டி அடுப்பில் குப்பியைப் படுக்கவைக்கும்போது அதன் கழுத்து வளையத்திலுள்ள வெட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உள்ளே வளைந்திருக்கும் சிறு குழாய் அந்த நிலையில்தான் திரவத்துக்கு மேலே உள்ள வாயுவை எடுக்கும். மாற்றிப் போட்டால் திரவமே பர்னருக்குப் பாய்ந்து ஆளுயரத்துக்குத் தீ எழும்பக்கூடும்.

குப்பியைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க இன்னொரு காரணம், அதை ஊரிலிருந்து விமானத்திலோ ரயிலிலோ எடுத்துச் செல்ல முடியாது என்பது. விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை, சரக்குப் பெட்டியிலும் அனுமதி இல்லை. ரயிலில் எடுத்துச் செல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சிறு குப்பிதானே என்று துணிமணிகளுக்கு நடுவே ஒளித்து எடுத்துச் செல்பவர்கள் 2023 ஆகஸ்ட் 26ஆம் நாள் விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டிருந்த சமையல் எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி, உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த பயணிகளில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஆகவே போகும் ஊரில் எந்த வகைக் குப்பி கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்ற அடுப்பை வாங்குவதே சரியான வரிசை.

இனி வெப்பத்துக்கு வருவோம். நம்மவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு அதிகம் அச்சம் தருவது தோசைக்கல். குழாய் இல்லாத பெட்டி அடுப்பை 1969இல் ஜப்பானின் இவாத்தானி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது, சாப்பாட்டு மேசையின் நடுவே நடுத்தர அளவுப் பாத்திரம் ஒன்றை வைப்பதற்காக. அதன் பர்னருக்கும் குப்பிக்கும் இடையே ஒரு தகடும் சில அங்குல இடைவெளியும்தான் உண்டு. வீட்டிலிருக்கும் கனத்த, அகலமான இரும்புத் தோசைக்கல்லை அதன்மேல் வைத்தால் கல்லின் விளிம்பு குப்பி அறைக்கு மேலே குடைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். கல் உறிஞ்சிய வெப்பம் கீழ்நோக்கிக் குப்பி அறையின் மூடியைத் தாக்கும். பத்துப் பேருக்குத் தோசை வார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் மூடியின் கீழே குப்பி வெந்துகொண்டிருக்கும். குப்பியின் மேல் 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்று அச்சிட்டிருப்பதை நினைவில் கொள்ளுங்கள். நல்ல அடுப்புகளில் அழுத்தம் மீறினால் குப்பியைத் தானாகக் கழற்றிவிடும் விசை ஒன்று இருக்கிறது. விலை மலிந்தவற்றில் அது இருக்கும் என்று நம்பிவிட முடியாது, இருந்தாலும் அதை நம்பிச் சமைப்பது அறிவுடைமை ஆகாது. பாத்திரத்தின் விளிம்பு குப்பி அறையின் மூடிக்கு மேலே வரக்கூடாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு பெட்டி அடுப்புகளை ஒட்டிவைத்து, இரண்டின்மேலும் ஒரே பெரிய அண்டாவை ஏற்றுவதும் இதே தவறின் பெரிய வடிவம்தான். அத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தால் அதற்குரிய அடுப்பு வேறு.

மலையேறிகளின் சிறு பர்னரில் இதே தவறு காற்றுத்தடுப்பின் வடிவில் வருகிறது. காற்று வீசினால் வெப்பத்தில் பாதிக்கு மேல் வீணாகும். அதனால் அலுமினியத் தகட்டை அடுப்பைச் சுற்றி வளைத்துக் கட்டிவிடுகிறார்கள். தீ நன்றாக எரியும், குப்பியும் சேர்ந்து சூடேறும். பர்னர் நேராகக் குப்பியின்மேல் அமரும் வகையாக இருந்தால் காற்று வரும் ஒரு பக்கத்தை மட்டும், அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, பாறையாலோ முதுகுப்பையாலோ மறைக்கலாம். அவ்வப்போது குப்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் சுடுமானால் உடனே மூட வேண்டும். சுற்றிலும் மறைப்பு வேண்டுமென்று விரும்புபவர், குப்பி தள்ளி நிற்க நடுவே குழாய் ஓடும் அடுப்பை வாங்கிக்கொள்ளலாம். எடை சிறிது கூடும். பாத்திரம் தாழ்வாக அமர்வதால் கவிழும் பயமும் குறையும்.

காலியான குப்பியை வீட்டுச் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்வது காசை மிச்சப்படுத்துவதாகத் தோன்றலாம். இதற்கென்றே சிறு இணைப்பிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் இரு மடங்கு. புரொப்பேனுடையது எட்டு மடங்கு. பியூட்டேனுக்கென்று மெல்லிய தகட்டில் செய்த குப்பியில் அந்தக் கலவையை அடைப்பதும், திரவம் விரிவதற்கு மேலே இடம் விடாமல் கழுத்துவரை நிரப்புவதும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

கூடாரத்துக்குள் சமைப்பதைப் பற்றியும் அப்படித்தான். துணி தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கார்பன் மோனாக்சைடு அவ்வளவாகத் தெரிவதில்லை. எரிவாயு கசிந்தால் நாறும், ஏனென்றால் அதில் வாடைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வந்தால், மலை ஏறிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அதுதான் அதன் கொடுமை. மழைக்காக ஜன்னலை மூடிய காருக்குள்ளும் இதே கதைதான். குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்குவதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது.

பொருத்துவதிலும் பற்றவைப்பதிலும் சொல்ல வேண்டியவை குறைவு. இணைப்பின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் மட்டும் திருகுங்கள், இடுக்கி வேண்டாம். சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆகவே குழிவான இடத்தில் அடுப்பை வைக்காதீர்கள். தீ அணைந்துவிட்டால் உடனே மறுபடி பற்றவைக்காமல், திருகை மூடி, வாயு கலைந்தபின் பற்றவையுங்கள். அடுப்போடு வரும் பொத்தான் பற்றவைப்பானை நம்பித் தீப்பெட்டியை வீட்டில் விட்டுவருபவர்கள் ஈரக் காற்றில் ஒருநாள் பட்டினி கிடப்பார்கள்.

எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்கிடாமல் போவதும் தவறே. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, வெப்பத்தில் பாதி வீணாவதாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 15 கிராம் வாயு செலவாகும். அப்படியானால் 230 கிராம் குப்பி காற்றில்லாத இடத்தில் பதினைந்து லிட்டரைக் கொதிக்கவைக்கும். காற்றில் அது பத்தாகலாம். கொதிக்கவைப்பதோடு முடிந்தால் சரி, நமக்குச் சோறு வேண்டும். உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகத் தாமதமாகும். நான்காயிரம் மீட்டரில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று காத்திருப்பது வீண். அவல், ரவை, சேமியா போன்றவற்றை எடுத்துச் செல்வதும், அரிசியை முன்கூட்டியே ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் மூடியிட்டுக் கம்பளித்துணியில் பொதிந்து வைப்பதும் குப்பியின் ஆயுளைக் கூட்டும். முழுத் தீயில் வைத்தால் சீக்கிரம் வேகும் என்று நினைத்துப் பாத்திரத்தின் பக்கவாட்டில் தீ நக்கும்படி திறந்துவிடுவதால் 220 கிராம் குப்பி ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும், சோறு முன்னதாக வெந்துவிடாது. பாதி பயன்படுத்திய குப்பியில் மீதி எவ்வளவு என்பதைக் குலுக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டாம். புதிதாக வாங்கியதும் சமையலறைத் தராசில் நிறுத்து அந்த எடையைக் குப்பியின்மேல் எழுதிவைத்தால் பிறகு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே பற்றவைக்கிறோம் என்பதும் கவனத்துக்குரியது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றித் தீ மூட்டுவது குற்றம். குப்பி அடுப்பு விறகடுப்பு அல்ல என்ற வாதம் மலைச்சரிவில் மண்டிக் காய்ந்த போதைப்புல்லிடம் எடுபடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபின்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. அனுமதி பெற்ற முகாமிலும் அடுப்பைச் சுற்றி ஓரடி அகலத்துக்காவது சருகை அகற்றி, பாறைமீதோ வெறும் மண்ணிலோ வைக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் மீந்த குப்பியைக் காரில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் மூடிய காரின் உட்புறம் 60 டிகிரியை எளிதில் தாண்டும். குப்பிமேல் எழுதியிருப்பது 50. தீர்ந்துபோன குப்பியைக் கூட்டமாகத் தீ காயும் இடத்தில் நெருப்பில் எறியவும் கூடாது, பள்ளத்தாக்கில் வீசவும் கூடாது. உள்ளே எஞ்சியிருக்கும் சிறிதளவையும் திறந்த வெளியில் தானாக எரிந்து தீரவிட்டு, மூடியைப் பொருத்திப் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்து, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லி உலோகக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.