பாழடைஞ்ச கோட்டையில போர்க்கால ரொமான்ஸா? நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன மாசம் மட்டும் மூணு பேர் காதல் கதை டிராஃப்ட் அனுப்பி "படிச்சுட்டு சொல்லுங்கக்கா"ன்னு கேட்டாங்க. மூணுமே ரெண்டாம் உலகப் போர், மூணுமே ஸ்காட்லாந்து, மூணுலயும் இடிஞ்சு விழப் போற மாதிரி ஒரு கோட்டை, வெளிய கொட்டுற மழை, உள்ள ஃபயர்பிளேஸ், அதுக்கு முன்னாடி கம்பளத்துல அவனும் அவளும். படிக்கப் படிக்க எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு, ஏன்னா அச்சு அசலா அது ஆறு வருசத்துக்கு முன்னாடி நான் எழுதினது. ஹீரோயின் பேரு கூட எலினார்தான்.

சந்திப்பிழை, ஒரு எபி (எபிசோட்) எவ்ளோ நீளம் இருக்கணும், யூடி (அப்டேட்) எப்ப போடணும், இதெல்லாம் இங்க பேசப் போறதில்ல, அதச் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒண்ணு இருக்கு, அதத்தான் முதல்ல கொட்டணும்.

கோட்டை காலியா இருக்கும்னு நினைக்கிறது

நமக்குக் கோட்டைன்னா செஞ்சிதான் கண்ணு முன்னாடி வரும். பாறை, வெயில், வௌவால் நாத்தம், ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட், மத்த நாள்ல ஆள் அரவமே இல்ல. அந்தப் படத்தை அப்படியே தூக்கிட்டுப் போய் ஸ்காட்லாந்துல வச்சா கதை அங்கயே செத்துப் போச்சு. அங்க நிறைய கோட்டைங்க ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா குடியிருக்கிற வீடு. கடன்ல இருக்கும், பாதி ரூம் பூட்டிக் கிடக்கும், ஆனா ஆள் இருக்கும்.

என் முதல் தொடர் 1941ல நடக்குது. ஹீரோ காயம்பட்ட போலந்து ஆபீசர், எலினார் அவனைக் கோட்டையில ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறா. கோட்டையில அவ, அவன், காது கேக்காத ஒரு கிழட்டு வேலைக்காரர், அவ்ளோதான். பதினேழு எபி போட்டேன், செம ரெஸ்பான்ஸ், "ஹீரோவை எனக்குக் குடுங்கக்கா"ன்னு கமெண்ட் எல்லாம் வந்துச்சு. பதினெட்டாவது எபிக்குக் கீழ ஒரு பெரியவர், அங்க ரொம்ப வருசம் வேலை பார்த்தவராம், ரெண்டே வரி போட்டாரு: "அம்மா, மிலிட்டரி எங்கம்மா? அப்புறம் போலந்து நம்ம பக்கம்தானே, அவரை எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க?"

நாலு நாள் தூங்கல. தேடிப் பார்த்தா அவர் சொன்னது முழுக்க சரி. 1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்ததும் போலந்துப் படைங்க ஆயிரக்கணக்குல ஸ்காட்லாந்துக்கு வந்து இறங்கிட்டாங்க, ஃபைஃப், ஆங்கஸ் பக்கம் கிழக்குக் கடற்கரையக் காவல் காத்ததே அவங்கதான். யாரும் யாரையும் ஒளிச்சு வைக்கல, டீக்கடையில, டான்ஸ் ஹால்ல, சர்ச்சுலன்னு ஊரு பூரா சுத்திட்டு இருந்தாங்க, எக்கச்சக்கமா கல்யாணமும் நடந்துச்சு.

அடுத்தது இன்னும் பெரிய அடி. 1939 ஆகஸ்ட்ல போட்ட அவசரச் சட்டத்தோட பலத்துல அரசாங்கம் யாரோட வீட்டை வேணாலும் எடுத்துக்கலாம். பெரிய வீடு, நிறைய ரூம், சுத்தி நிலம், ஊரை விட்டுத் தள்ளி இருக்குன்னா முதல் குறியே அதுதான். இங்கிலாந்துல பிளென்ஹைம் அரண்மனைக்கு ஒரு பசங்க ஸ்கூலே குடிவந்துச்சு, அவங்க போனதும் உளவுத்துறை வந்துச்சு. சாட்ஸ்வொர்த் மாளிகையில வேல்ஸ்ல இருந்து வந்த பொண்ணுங்க ஸ்கூல் 1946 வரைக்கும் இருந்துச்சு, ஓவியங்கள் தொங்குற பெரிய பெரிய ஹாலெல்லாம் டார்மிட்டரி ஆயிருச்சு. காசில் ஹோவார்டுலயும் ஒரு பொண்ணுங்க ஸ்கூல்தான், 1940 நவம்பர்ல தீப்பிடிச்சு அந்தப் பெரிய குவிமாடமே போச்சு. ஸ்காட்லாந்துல ஆக்னகேரி கோட்டை 1942ல இருந்து கமாண்டோ டிரெய்னிங் சென்டர், அங்கயும் 1943ல தீ. இத்தனை பெரிய இடத்துக்கே இந்த கதின்னா நம்ம எலினாரோட கோட்டை மட்டும் எப்படி ரெண்டு பேர் ரொமான்ஸ் பண்ண வசதியா காலியா இருக்கும்?

இது என்ன பெரிய தப்பு, நாலு சிப்பாயைச் சேர்த்துட்டா போச்சுன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சேர்த்துப் பார்த்தேன். மாடிப்படி சீன்ல ஒரு சிப்பாய் நிக்கிறான், அங்க முத்தம் குடுக்க முடியாது. லைப்ரரி இப்ப ஆபீஸ், டைப்ரைட்டர் சத்தம். பால்ரூம்ல முப்பது கட்டில். கிச்சன்ல ஆர்மி சமையல்காரன். ஹீரோயினும் அவ அப்பாவும் கிழக்குப் பக்கம் ரெண்டு ரூம்ல ஒடுங்கிட்டாங்க. ஒரு செங்கலை உருவினா சுவரே சரியற மாதிரி என் பதினெட்டு எபியும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போச்சு, ஏன்னா எல்லா சீனும் "யாரும் இல்ல"ங்கற ஒத்தக் கால்ல நின்னுட்டு இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு பதிப்பகத்துல பேசி அட்வான்ஸ் வாங்கியிருந்தேன், அதத் திருப்பிக் குடுத்தேன். அட்டைப்பட டிசைனுக்கு நான் கையில இருந்து குடுத்த காசு போனது போனதுதான். நிலா வெளிச்சத்துல காலியா நிக்கிற கோட்டை, அழகான அட்டை. இன்னும் லேப்டாப்ல இருக்கு, அழிக்க மனசு வரல.

சரி, அந்தப் பதினெட்டையும் தூக்கிப் போட்டுட்டு நான் திரும்ப எழுதினது எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். வீட்டை மிலிட்டரி எடுக்கும்போது எந்த ரூம்ல என்ன இருக்கு, எந்தச் சுவர்ல ஏற்கனவே விரிசல், எந்தக் கண்ணாடி முன்னாடியே உடைஞ்சது, எல்லாத்தையும் லிஸ்ட் போடணும், ஏன்னா நாளைக்கு நஷ்ட ஈடு கேட்டா அந்த லிஸ்ட்டுதான் பேசும். அதனால எலினார் கையில விளக்கோட முன்னாடி போறா, ஹீரோ அட்டையில பேப்பரை வச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்றான். "நீல ரூம், சீலிங்ல ஈரக் கறை, நாலடி அகலம்." "அது போன வருசம் ரெண்டடிதான்." "எழுதவா?" "வேணாம், எங்கப்பாவுக்குத் தெரியாது." அம்பத்தி சொச்சம் ரூம் இருக்கு, மூணு நாள் ஆகுது. வீட்டோட அத்தனை காயத்தையும் ஒரு அந்நியன் கையெழுத்துல எழுத வைக்கிறா அவ. யாருமில்லாத கோட்டையில நான் பதினெட்டு எபி முக்கி முக்கி எழுதியும் வராத நெருக்கம் இந்த ஒரு சீன்ல வந்து உக்காந்துச்சு.

டிராஃப்ட் அனுப்பின மூணு பேருக்கும் இதையே சொன்னேன். ஒருத்தங்க மட்டும் "அது ரொம்ப போரிங்கா இருக்கும்க்கா"ன்னாங்க. சரிம்மா.

முத்தம் குடுத்ததும் சீலிங் விழறது

கோட்டை எப்படி இடியும்னு தெரியாம இடிக்காதீங்க. இடி விழுந்து ஒரே ராத்திரியில சரியாது. கூரை மேல ஈயத் தகடு, அதோட ஓரத்துல மழைத்தண்ணி போற வாய்க்கால், அதுல இலை அடைச்சுக்கும். முன்னாடி ஏறிச் சுத்தம் பண்ணின ஆள் இப்ப பட்டாளத்துல. தண்ணி சுவருக்குள்ள இறங்கும், ரெண்டு மூணு வருசத்துல உத்தரம் உளுத்துப் போகும், காளான் வாடை வரும், அப்புறம்தான் ஒருநாள் சீலிங் வயிறு மாதிரி தொங்கும். கீழ சிப்பாய்ங்க ஆணி வச்ச பூட்ஸோட மரத்தரையில நடப்பாங்க, குளிருக்கு மாடிப்படிக் கைப்பிடிய உடைச்சு எரிச்ச கதையெல்லாம் உண்டு. ஓனர் ரிப்பேர் பண்ணலாம்னா ஆள் இல்ல, மரம் இல்ல, கட்டட வேலைக்கு லைசென்ஸ் வாங்கணும். போர் முடிஞ்சப்புறம் இன்னொரு கூத்து, ஸ்காட்லாந்துல கூரை இல்லாத கட்டடத்துக்கு வரி கிடையாதுங்கறதால சில ஓனருங்க தாங்களே கூரையப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. எபிலாக்ல இத வச்சா வாசகர் அழுதுருவாங்க, நான் வச்சேன், அழுதாங்க.

ஜன்னல்ல விளக்கோட காத்திருக்கிறது

1939 செப்டம்பர் 1ல இருந்து பிளாக்அவுட், அதாவது எதிரி விமானத்துக்குத் தெரியாம இருக்க ராத்திரி விளக்கை மறைக்கணும். வெளிய ஒரு கீத்து வெளிச்சம் தெரிஞ்சாலும் அதக் கண்காணிக்கிற வார்டன் வந்து கத்துவாரு, ஃபைன் உண்டு. உங்க ஹீரோயின் கோபுரத்து ஜன்னல்ல விளக்கு வச்சா அவன் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வரும். அத விடுங்க, அறுபது ஜன்னல் இருக்கிற வீட்டுல தினம் சாயங்காலம் ஒவ்வொண்ணாப் போய்க் கறுப்புத் துணி இழுத்து மூடணுமே, அதுக்கு ரெண்டு பேர் வேணுமே, அதுல ஒருத்தர் ஏன் அவனா இருக்கக் கூடாது?

கல்யாணத்துக்கு சர்ச் மணி

அடிக்காது. 1940 ஜூன்ல இருந்து மணி அடிச்சா எதிரி வந்து இறங்கிட்டான்னு அர்த்தம், 1943லதான் அந்தத் தடையே போச்சு.

ஜூன் மாசம், ராத்திரி ஒம்பது மணி, நிலா வெளிச்சம்

1941ல இருந்து கோடையில கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. எடின்பரோவுலயே சூரியன் மறைய ராத்திரி பதினொண்ணு ஆகும். ஒம்பது மணிக்கு வெயில்தான் அடிக்கும்.

கண்ணீர் பட்டு மசி கலைஞ்ச லெட்டர்

ஹீரோ எகிப்துல இருக்கான், அங்க இருந்து லெட்டர் வருது, அதுல அவன் கண்ணீர் விழுந்து எழுத்து கலைஞ்சிருக்கு, அவ அத மோந்து பார்க்கிறா. நானும் எழுதியிருக்கேன், சூப்பரா எழுதியிருக்கேன். ஆனா 1941ல இருந்து ஏர்கிராஃப்னு ஒண்ணு வந்துச்சு. எழுதின தாளைப் போட்டோ பிடிச்சு, குட்டி ஃபிலிம் சுருளா பிளேன்ல ஏத்தி, லண்டன்ல பிரிண்ட் போட்டு உள்ளங்கை சைஸுல அனுப்புவாங்க. வாசனை வராது, ஈரம் வராது. கறை இருந்தா கறையோட போட்டோ வரும். சாதாரண லெட்டரும் போயிட்டுதான் இருந்துச்சு, கப்பல்ல மாசக்கணக்கா ஆகும், சென்சார்ல பிரிச்சுப் படிப்பாங்க, சிப்பாயோட லெட்டரை அவனோட ஆபீசரே படிப்பாரு. தான் எங்க இருக்கேன்னு அவன் எழுதவே முடியாது. கறையோட போட்டோவ விரல்ல தடவிப் பார்க்கிற பொண்ணு, எனக்கென்னவோ இதுதான் இன்னும் வலிக்குது.

1940ல பென்சிலின்

வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு போலீஸ்காரருக்கு முதல்ல குடுத்துப் பார்த்ததே 1941 பிப்ரவரியில, நல்லா தேறிட்டு வரும்போது மருந்து தீர்ந்துபோய் அவர் இறந்துட்டாரு.

இருபத்திரெண்டு வயசு, கல்யாணம் ஆகல, ஜன்னலோரமா உக்காந்து பெருமூச்சு

1941 டிசம்பர்ல சட்டமே வந்துருச்சு, கல்யாணமாகாத இருபதுல இருந்து முப்பது வயசுப் பொண்ணுங்களை வேலைக்குக் கூப்பிடலாம்னு. படை, ஃபாக்டரி, வயக்காடு, ஆஸ்பத்திரி, ஏதோ ஒண்ணு. லார்டு வீட்டுப் பொண்ணா இருந்தாலும் பேப்பர் வரும். அவளுக்கு ஒரு வேலை குடுங்க, கையில காப்பு காய்க்கட்டும்.

முதல் பக்கத்துலயே "நீ"

இது வரலாற்றுத் தப்பு இல்ல, தமிழ்ல எழுதறவங்க தப்பு. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே "யூ"தான், ராஜாவும் ஒண்ணு பால்காரரும் ஒண்ணு. நாம தமிழ்ல எழுதுறோம், நமக்கு "நீங்க" இருக்கு, "நீ" இருக்கு. நடுவுல எதுவும் சொல்லாம முழுங்கிப் பேசுற ஒரு கட்டம் இருக்கு பாருங்க, "எப்ப வர்றது?" "சாப்பிட்டாச்சா?"ன்னு, அதுதான் காதலோட முதல் ஸ்டேஜே. அதத் தூக்கி வீசிட்டு ஹீரோ நுழைஞ்ச உடனே "ஏய்"னா என்ன மிச்சம்? அதுவும் போலந்து ஹீரோன்னா இரட்டை லாபம், ஏன்னா அவங்க பாஷையிலயும் முகம் தெரியாதவங்ககிட்ட மரியாதையா "பான்", "பானி"ன்னுதான் பேசுவாங்க, நெருங்கினப்புறம்தான் நீ. என் ரெண்டாவது வெர்ஷன்ல எலினார் முப்பத்தோராவது எபியிலதான் "நீ"ன்றா, அதுவும் ரயில் கிளம்பினப்புறம், அவனுக்குக் கேக்காது. டெரர் ஹீரோ, ஆன்ட்டி ஹீரோன்னு கேக்கறவங்களுக்கு இது செட் ஆகாது, அவங்களுக்கு வேற ரைட்டர் இருக்காங்க.

எல்லாருக்கும் 1945 தெரிஞ்சிருக்கிறது

"இன்னும் நாலே வருசம், எல்லாம் முடிஞ்சிரும்"னு 1941ல ஒருத்தி ஆறுதல் சொல்றா. ஜோசியமா?

கரடி

போலந்துப் படையில வோய்டெக்னு ஒரு கரடி இருந்துச்சு, நிஜமாவே. பார்த்ததும் எல்லாருக்கும் அதக் கதையில வைக்கணும்னு கை அரிக்கும். 1942ல ஈரான்ல குட்டியா கிடைச்சது, ஸ்காட்லாந்துக்கு வந்ததே 1946ல, அப்புறம் எடின்பரோ ஜூவுல 1963 வரைக்கும் இருந்துச்சு. அந்த மூணு டிராஃப்ட்ல ஒண்ணுல 1941 கிறிஸ்துமஸுக்கு அது கோட்டை ஹால்ல டான்ஸ் ஆடுது. கரடிய எடுத்துருங்கம்மான்னேன். ஒரு வாரம் கழிச்சு மெசேஜ் வருது, "அக்கா, கதைய 1946க்கு மாத்திட்டேன், ஆனா அப்ப போர் இல்லையே, என்ன பண்றது?"