உப்பு நீர்மட்டம் மேலே நிற்கும் நிலத்தில் பருத்திக்குத் தண்ணீர் விடுவது எப்படி?

நாகப்பட்டினத்தில், காவிரிக் கால்வாய்கள் முடியும் கடைமடையில், சம்பா அறுத்த வயலில் பருத்தி போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, காலுக்குக் கீழே என்ன தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக மேலே மிதக்கும். அதற்கடியில் உப்பு. கிணற்றில் நல்ல தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் 40 செ.மீ. வரை மேலேறப் பார்க்கும். அதனால் பெரிய மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். சின்ன மோட்டார் வைத்து, ஆழம் குறைந்த இரண்டு மூன்று ஃபில்டர் பாயிண்டுகளில் (வடிகட்டிக் குழாய் இறக்கிய சிறு ஆழ்துளைகளில்) விட்டுவிட்டு இறையுங்கள். மணிக்கொரு முறை ஈசி மீட்டரில், அதாவது மின்கடத்தும் திறனை வைத்துத் தண்ணீரின் உப்பைக் காட்டும் கருவியில், பாருங்கள். அளவு ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

வயலுக்குள் ஒரு கண்காணிப்புக் குழாயும் வேண்டும். 3 மீட்டர் நீள 2 அங்குல பிவிசி குழாயில் அடி ஒரு மீட்டருக்குத் துளையிட்டு, நைலான் வலை சுற்றி, அடிமுனையை மூடி இறக்குங்கள். சுற்றிலும் பெருமணல் போட்டு, மேல்பக்கத்தைக் களிமண்ணால் அடையுங்கள். வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். களி கலந்த மண்ணில் மட்டம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கும் மேலே வந்துவிட்டால், உப்பு தானாகவே மண்ணுக்குள் ஊறி ஏறும். அப்போது தண்ணீர் விடுவது தீயில் நெய் வார்ப்பதுதான், வடிகாலைத் தூர்வாருங்கள்.

ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். ஈசி 3 உள்ள தண்ணீர் என்றால் அதோடு ஏறக்குறைய 390 கிலோ உப்பும் வயலில் இறங்குகிறது. ஒவ்வொரு தண்ணீரையும் இந்தக் கணக்கோடு விடுங்கள்.

வளர்ந்த பருத்தி உப்பைத் தாங்கும், முளை தாங்காது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவதால், விதைப்புக்கும் முதல் தண்ணீருக்கும் வேண்டியதைப் பண்ணைக்குட்டையில் முன்பே தேக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

பாரின் (மண் அணைத்த மேட்டின்) உச்சியில் விதைக்காதீர்கள். பார்களுக்கு இடையிலுள்ள சாலில் ஓடும் நீர் உப்பை அங்கேதான் கொண்டு சேர்க்கும். காலையில் ஈரமாய்க் கறுத்துத் தெரியும் மண், மதியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். பாரின் பக்கச் சரிவில், பாதி உயரத்தில் ஊன்றுங்கள்.

செடி வாடினால் உடனே மோட்டாரைப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஒரு சாண் ஆழத்தில் மண்ணெடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் அது தாகமில்லை. உப்பு வேரைக் குடிக்க விடவில்லை, அல்லது வேர் நீரில் நிற்கிறது. சொட்டுநீர் போட்டவர்கள் கோடைத் தூறலின்போது அதை நிறுத்த வேண்டாம். சிறு மழை, சொட்டுநீர் நனைத்த இடத்தின் ஓரத்தில் ஒதுங்கிய உப்பை வேருக்குத் தள்ளிவிடும்.

ஒவ்வொரு பாசனத்திலும் கூடுதலாக விட்டு உப்பைக் கழுவலாம் என்பார்கள். வடிகால் இல்லாத இடத்தில் அது நீர்மட்டத்தைத்தான் உயர்த்தும். அந்த வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு விடுங்கள்: மழைக்கு முன் உழுது, வரப்பை உயர்த்தி, பெய்வதை வயலிலேயே தேக்கி இறங்க விடுங்கள், மழை ஓய்ந்ததும் வடிகாலைத் திறந்துவிடுங்கள்.