பள்ளியிலிருந்து புகார் வருகிறதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அடிக்கிறது, கத்துகிறது என்று புகார் வந்தால், தயவுசெய்து கை ஓங்காதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று டீச்சரிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் காரணம் ஓரளவு பிடிபடும். பசியாக இருக்கலாம், கரும்பலகை சரியாகத் தெரியாததாகவும் இருக்கலாம். கண், காது பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளை பெஞ்சைத் தள்ளாமல் "மிஸ், முடியல" என்று கை தூக்கினால், அந்த நிமிடமே பாராட்டும்படி டீச்சரிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். அப்பத்தா, ஆயாவிடமும் சொல்லிவையுங்கள்: வீடு வந்ததும் விசாரணை வேண்டாம், முதலில் பணியாரம்.

பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பேச்சும் தாமதம் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.