ஊருக்குள் ஒரு சுய முன்னேற்றக் குழு: எட்டுப் பேரோடு தொடங்கும் முறை

சுய முன்னேற்றம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு மேடை, ஒரு பேச்சாளர், குறிப்பேட்டோடு எதிரே அமர்ந்திருக்கும் கூட்டம். அந்தப் பேச்சில் கிடைக்கும் ஊக்கம் உண்மையானதுதான். ஆனால் வீடு திரும்பி, வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வழக்கமான வாரம் தொடங்கியதும் அந்த ஊக்கம் எங்கே போனது என்று தெரியாமல் போய்விடுகிறது, ஏனென்றால் அடுத்த வாரம் நம்மிடம் வந்து “சொன்னதைச் செய்தீர்களா?” என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே ஒரே ஊரைச் சேர்ந்த ஆறு முதல் எட்டுப் பேர் வாரந்தோறும் கூடும் குழுவை எப்படித் தொடங்குவது, எப்படிக் கலையாமல் நடத்துவது என்பதையே இங்கே எழுதுகிறேன். இதில் குரு கிடையாது, பயிற்சியாளர் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையில் மாற்ற விரும்பும் ஒன்றைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், அடுத்த வாரம் அது என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள்.

நான் சேர்ந்திருந்த முதல் குழு ஒன்பதாவது வாரத்தில் கலைந்துபோனது. வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர், வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்க நினைத்த ஓர் இளம்பெண்ணுக்கு வாரந்தோறும் அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அக்கறைதான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் வருவதை நிறுத்தினார், அவரைத் தொடர்ந்து இன்னும் இருவர் நின்றனர், எஞ்சியவர்களுக்குக் கூடுவதற்கான காரணமே இல்லாமல் போயிற்று. குறுக்கிட்டுத் தடுத்திருக்க வேண்டிய நானும் மரியாதை கருதி வாய் திறக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: நம் ஊர்களில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை, தன் பேச்சைக் குறுக்கிடாமல் ஒருவர் கேட்பதுதான் அரிது. அந்த அரிய பொருளைத் தருவதற்காகவே குழு கூடுகிறது. கீழே வரும் விதிகள் பெரும்பாலும் அதைக் காப்பதற்கானவை.

யாரைச் சேர்ப்பது

அறிவிப்புப் பலகையிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒருவரிலிருந்து தொடங்குங்கள். உங்களைப் போலவே ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும் என்ற தவிப்பு உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் இருவர் மட்டும் சந்தித்துப் பேசிப் பாருங்கள். குறித்த நாளில் இருவருமே தவறாமல் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வராவிட்டால் எட்டுப் பேரைச் சேர்த்தாலும் அதேதான் நடக்கும். பிறகு ஆளுக்கு மூன்று பேரை நேரில் போய் அழையுங்கள். “வாரம் ஒன்றரை மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு வாரம், இடையில் இரண்டு முறைக்கு மேல் தவறக் கூடாது” என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. முடிவில்லாத ஒன்றில் சேரத் தயங்குபவர்கள்கூட முடிவு தெரிந்த ஒன்றுக்குச் சம்மதிப்பார்கள்.

தொழிலிலும் வயதிலும் வேறுபட்டவர்களாக இருப்பது நல்லது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர், தையல் கடை நடத்துபவர், தனியார் பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர் ஆகியோர் ஒரே வட்டத்தில் அமரும்போது யாருக்கும் யாரோடும் போட்டி எழுவதில்லை. ஆனால் கணவன் மனைவி, முதலாளி தொழிலாளி, கடன் கொடுத்தவர் வாங்கியவர் ஆகிய இணைகளை ஒரே குழுவில் வைக்கக் கூடாது. ஒருவர் முன்னால் மற்றவர் உண்மை பேச முடியாது. எட்டுப் பேரும் ஒரே தெருவிலிருந்து வந்தால் பல ஊர்களில் எட்டுப் பேரும் ஒரே சாதியாகவும் இருப்பார்கள். இது தானாக நடந்துவிடும் என்பதால், வேறு தெருக்களில் இருப்பவர்களைத் தேடிப் போய் அழைத்தால்தான் மாறும். ஆண்கள் நடுவே ஒரே ஒரு பெண் என்ற நிலையையும் தவிர்க்க வேண்டும். குறைந்தது மூன்று பெண்களாவது இருக்கட்டும், இல்லையென்றால் பெண்களுக்கெனத் தனிக் குழு அமையட்டும்.

எண்ணிக்கை எட்டைத் தாண்டக் கூடாது என்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒன்றரை மணி நேரத்தில் எட்டுப் பேர் பேசினாலே ஆளுக்குப் பதினொரு நிமிடம்தான் வரும். பன்னிரண்டு பேரானால் அது ஏழரை நிமிடமாகச் சுருங்கிவிடும்.

இடமும் நேரமும்

கிளை நூலகத்தில் ஓர் ஒதுக்கமான அறை, விடுமுறை நாளில் தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு வகுப்பறை, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையம் ஆகியவை பொருத்தமானவை. தேநீர்க் கடையில் பக்கத்து மேசையின் காது இருக்கிறது. கட்சி அலுவலகமும் வழிபாட்டு இடத்தின் மண்டபமும் உங்களுக்கு இயல்பாகத் தோன்றலாம், ஆனால் உள்ளே வரவே கூசும் ஒருவர் உங்கள் எட்டுப் பேரில் இருக்கலாம். உறுப்பினர் வீடுகளில் முறைவைத்துக் கூடுவது வசதிதான் என்றாலும், அந்த வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் அடுப்படியில் நின்று எட்டுப் பேருக்குத் தேநீரும் பலகாரமும் செய்யும் நிலை வந்துவிடுகிறது. சுவருக்கு அப்பால் குடும்பம் இருக்கிறது என்ற எண்ணமும் பேசுபவரைக் கட்டிப்போடுகிறது. வேறு வழியில்லை என்றால் மொட்டை மாடியைப் பயன்படுத்துங்கள், குடிநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருட்டுவதற்குள் அனைவரும் வீடு திரும்பும் வகையில் நேரத்தை வையுங்கள். ஞாயிறு காலை பத்து மணி, அல்லது மாலை நான்கு மணி பெரும்பாலும் ஒத்துவரும். வெளியூரிலிருந்து வருபவர் இருந்தால் அவருடைய கடைசிப் பேருந்துதான் உங்கள் முடிவு நேரம். பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு தொடங்கினால் பன்னிரண்டு வாரம் சித்திரைப் பிறப்புக்குள் முடிந்துவிடும். வீட்டில் பிளஸ் டூ எழுதும் பிள்ளை உள்ளவர்கள் அதிகமாக இருந்தால், பள்ளி திறந்த பிறகு ஜூன் நடுவில் தொடங்குவது மேல்.

கூட்டத்தை நடத்தும் முறை

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், தலைமை இருக்கை என்று ஒன்று வேண்டாம். ஒவ்வொரு வாரமும் வேறொருவர் நேரம் பார்ப்பார்; கைப்பேசியில் ஒலிப்பானை வைத்து, மணி அடித்ததும் பேச்சை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. தாத்தா வயதில் இருப்பவரை ஓர் இளைஞரால் நிறுத்த முடியாது, ஆனால் மணியால் முடியும். அண்ணா, அக்கா, ஐயா என்று அழைப்பதை மாற்ற வேண்டிய தேவை இல்லை; அந்தச் சொற்களை வலிந்து நீக்கினால் பேச்சு செயற்கையாகிவிடும். அதற்குப் பதிலாகப் பேசும் வரிசையை மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் வயதில் இளையவரிடமிருந்து தொடங்கட்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பின்னால் வருபவர்கள் அவரை ஒட்டியே பேசுவார்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் விதிகள் உரக்கப் படிக்கப்படும். அடுத்து, ஆளுக்கு நான்கு நிமிடம், போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்ற சுற்று. எட்டுப் பேருக்கும் அது 32 நிமிடம். அதன் பிறகு வரும் 35 நிமிடம் அந்த வாரத்துக்குரிய ஒருவருக்கு மட்டும் சொந்தம். அவர் தம் சிக்கலைப் பத்து நிமிடம் சொல்வார். பதினைந்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள். ஐந்து நிமிடம் அவரே தமக்கு என்ன தெளிவாயிற்று என்று சொல்வார். யோசனை வேண்டும் என்று அவர் கேட்டால் மட்டும் கடைசி ஐந்து நிமிடம் யோசனைகளுக்கு. கேட்காவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் அமைதியாக இருக்கட்டும். இறுதியில் ஆளுக்கு இரண்டு நிமிடம், வரும் வாரத்துக்கான செயலைச் சொல்லும் சுற்று.

கேள்வி மட்டும் கேட்பது என்பது நான் கண்டுபிடித்த முறை அன்று. குவேக்கர்கள் எனப்படும் கிறித்தவப் பிரிவினர், முக்கியமான முடிவெடுக்கத் தவிக்கும் ஒருவரைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, அறிவுரை கூறாமல், விடை தங்களுக்கே தெரியாத கேள்விகளை மட்டும் கேட்கும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பணியாற்றிய ரெஜ் ரேவன்ஸ், சுரங்க மேலாளர்கள் வெளி நிபுணர்களை நம்பியிராமல் சிறு குழுக்களாக அமர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் தம் சிக்கல்களைத் தாமே தீர்த்துக்கொள்ளும் முறையை வளர்த்தார். ஒன்று சமயம் சார்ந்தது, மற்றொன்று தொழில் சார்ந்தது. இரண்டும் ஒரே விதியில் வந்து நிற்பதால்தான் அந்த விதியை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஆனால் கேள்வி என்ற பெயரில் அறிவுரை எளிதாக உள்ளே நுழைந்துவிடும். “ஏன் நீங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கக் கூடாது?” என்பதில் கேள்விக்குறியைத் தவிர வேறு கேள்வி எதுவும் இல்லை. “போன வாரம் எந்த நாளில் படிக்க முடிந்தது? அன்றைக்கு மட்டும் என்ன வேறாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார். அன்று மாமியார் ஊருக்குப் போயிருந்ததும், சமையல் வேலை பாதியாகக் குறைந்ததும், அதனால் மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்ததும் அவர் வாயாலேயே வெளிவரும். விடியற்காலையில் எழாததல்ல அவருடைய சிக்கல், வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாததே சிக்கல் என்பது அப்போதுதான் அவருக்கும் புலப்படும்.

வாரச் செயலைச் சொல்லும்போது “இனிமேல் உடற்பயிற்சி செய்வேன்” என்பதை ஏற்காதீர்கள். “திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கண்மாய்க் கரையில் அரை மணி நேரம் நடப்பேன்” என்று நாளும் இடமும் தருணமும் சேர்ந்து வர வேண்டும். இப்படி எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே இணைத்துத் திட்டமிடுபவர்கள் வெறும் எண்ணத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவரைத் தொடர்ந்தவர்களும் ஆய்வுகளில் கண்டது. அந்த ஒரு வரியை மட்டும் பொது நோட்டில் எழுதுங்கள்; அதற்கு முன்னால் பேசியவை எழுத்தில் வரவே கூடாது. செய்யாமல் வந்தவரிடம் கண்டிப்பும் வேண்டாம், “பரவாயில்லை விடுங்கள்” என்ற ஆறுதலும் வேண்டாம். “குறுக்கே எது வந்தது?” என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளியே போகக் கூடாதவை, உள்ளே வரக் கூடாதவை

சிறிய ஊரில் ஒரு சொல் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். குழுவில் கேட்டதை வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லக் கூடாது என்பதை ஒவ்வொருவரும் முதல் நாளில் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு: கடைத்தெருவில் பார்க்கும்போது “அந்தப் பிரச்சினை முடிந்ததா?” என்று அக்கறையாக விசாரிப்பதும் மீறல்தான், பக்கத்தில் நிற்பவருக்கு ஏதோ பிரச்சினை இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. புகைப்படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழு தேவையென்றால் இடம், நேரம் சொல்வதற்கு மட்டும்.

உறுப்பினர்களுக்குள் கடன், சீட்டு, காப்பீட்டு விற்பனை, ஆள் சேர்த்தால் பணம் என்னும் வணிகம் ஆகியவற்றை முதல் நாளே தடை செய்யுங்கள். சுய முன்னேற்றம் என்ற சொல்லைத் தேடி வருபவர்களைத் தேடி இவ்வகை வணிகர்களும் வருகிறார்கள். ஒரே ஒரு சத்துமாவு டப்பா கைமாறினாலும் அதன் பிறகு கேட்பதெல்லாம் விற்பனையின் முன்னுரையாகவே ஒலிக்கும். பதிவு செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எட்டுப் பேர் கூடிப் பேசுவதற்கு அது தேவையில்லை. பின்னாளில் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கோ நன்கொடையோ வரும் நிலை வந்தால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தைப் பற்றி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

குழு எதைத் தாங்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, குடியை நிறுத்தினால் கை நடுங்குகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் சொன்னால், அது கேள்விச் சுற்றுக்கு உரிய பொருள் அன்று. ஒலிப்பானை நிறுத்திவிடுங்கள். உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் ஒருவர் கூடவே இருந்து, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் பொது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு

கடைசிக் கூட்டத்தில், தொடர விரும்புகிறாரா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். விலகுபவருக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள், காரணம் கேட்காதீர்கள். இதற்குள் வேறு சிலரும் சேர ஆசைப்படுவார்கள். அவர்களைச் சேர்த்துக் குழுவைப் பெரிதாக்கும் ஆசைக்கு இணங்க வேண்டாம். பின்னாளில் அமெரிக்க விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஜுன்டோ என்ற வெள்ளிக்கிழமைக் குழுவுக்கும் இதே சோதனை வந்தது. பன்னிரண்டு பேர் என்ற வரம்பைத் தாண்டுவதில்லை என்று அவர்கள் வைத்திருந்தார்கள். ஆள் சேர்க்கும் நெருக்கடி வந்தபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் வெளியே தனியாக ஒரு குழுவைத் தொடங்கலாம் என்று பிராங்க்ளின் யோசனை சொன்னார், சில குழுக்கள் அப்படியே உருவாயின. “இதுதான் சரி” என்று அடித்துப் பேசுபவருக்கும் நேரடியாக மறுத்துப் பேசுபவருக்கும் அங்கே சிறு தொகை அபராதமும் இருந்தது. அபராதம் நமக்கு வேண்டியதில்லை, ஆனால் பிரிந்து பெருகும் முறை அப்படியே பொருந்தும். பழகிய இருவர் வெளியே போய் ஆளுக்கு மூன்று புதியவர்களை அழைத்தால் இரண்டாவது குழு தயார்.

தொடங்கியவராகிய நீங்கள் பதின்மூன்றாம் வாரம் போகாமல் இருந்து பாருங்கள். சாவியை யார் வாங்கினார், நேரம் யார் பார்த்தார், வாரச் செயல்களை நோட்டில் யார் எழுதினார் என்பதை மறுநாள் விசாரியுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த வாரம் முதல் சாவி, நோட்டு, ஒலிப்பான் மூன்றையும் உங்கள் பொறுப்பிலிருந்து விடுவித்து, மூவரிடம் பிரித்துக் கொடுங்கள்.