வீட்டுக்கு எந்தக் கணப்பு சரிவரும்?

முதலில் வீட்டில் புகைபோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். இல்லையென்றால் மின்சாரக் கணப்பை யோசியுங்கள்: பிளக் செருகினால் போதும், புகை கிடையாது, ஆனால் 1500 வாட் ஹீட்டர் ஒரு அறையைத்தான் சூடாக்கும்.

விறகு எரியும் அழகு தனிதான். ஆனால் திறந்த கணப்பில் பெரும்பகுதி வெப்பம் புகைபோக்கி வழியாகவே போய்விடும், போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் விறகுதான் வேண்டும் என்பவர்கள் கண்ணாடிக் கதவு வைத்த மூடிய இரும்பு அடுப்பை அந்தக் கணப்புக்குள்ளேயே பொருத்திக்கொள்வது நல்லது. விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈர விறகை எரித்தால் புகைபோக்கிக்குள் கிரியோசோட் என்ற தார் போன்ற கரும்பிசின் படியும், அதுவே ஒருநாள் தீப்பிடிக்கலாம். வருடம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும், விறகு அடுக்க இடமும் வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லையா? சரி, எரிவாயு. வெளிக்காற்றை எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகையாக வாங்குங்கள். வெளியேற்றும் குழாயே இல்லாத வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எரிந்த வாயுவும் ஈரமும் அறைக்குள்ளேதான் வரும்.

அப்புறம், விறகோ எரிவாயுவோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.